இரவல் கேட்க வந்தவர்

பதுளை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த மனிதர் ஒருவர், தோட்டம் தோட்டமாகப் போய் அடுத்தவர் வீட்டுச் சட்டியை இரவல் கேட்பார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பியிருக்கமாட்டேன். பக்கத்திலேயே நின்று பார்த்ததால் நம்புகிறேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மானம் போயிற்று.

எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டோம். முஸ்லிம் கடைக்காரர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். கடைப் பலகையில் ஒரு பெயர் இருந்தது, ஆனால் அது அவருடைய மாமனாரின் பெயர். ஆள் குள்ளம். சாரமும் அரைக்கைச் சட்டையும்தான் எப்போதும். எந்த வீட்டுக்குள் போனாலும் கண் முதலில் அடுப்படிக்குத்தான் ஓடும். அங்கே இருக்கிற பாத்திரத்தை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். துக்க வீட்டில்கூட ஒருமுறை அப்படிச் செய்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் குழுவில் நானாவோடு சேர்த்து ஏழு பேர். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருபது முப்பது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களில் சிலருக்குப் பூர்வீகம் மலைநாடு. ஏதோ ஒரு கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், பிறகு யுத்தத்தில் அங்கிருந்தும் கிளம்பிக் கடல் தாண்டிய குடும்பங்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இரண்டு பையோடு ஊவாத் தோட்டங்களில் வந்து இறங்கும்போது, பிறப்புச் சான்றிதழை எங்கே பதிவது, எந்தப் பஸ் எங்கே போகும், பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்று ஒன்றும் தெரியாமல் நிற்பார்கள். அந்த வேலைக்குத்தான் நாங்கள் கூடினோம். சம்பளம் கிடையாது. நான் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. அதனால் பட்டியல் போடுவது என் பொறுப்பாயிற்று. எனக்குப் பட்டியல் பிடிக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரி அடையாளம் போடும்போது கிடைக்கிற நிம்மதி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு மல்லிகா வந்து சேர்ந்தாள். பதினைந்து வயது மகள் தேன்மொழி கூட வந்திருந்தாள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் தனியாக இருந்த மல்லிகாவின் சித்தப்பாதான், தன் காம்பராவில் இருக்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். காம்பரா என்றால் ஒரே ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்ன விறாந்தை, பின்னால் அடுப்படி. அவ்வளவுதான்.

நாங்கள் மெத்தை, வாளி, அரிசி, போர்வை என்று பதினான்கு சாமான் கொண்டுபோனோம். மல்லிகா ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி ஓரமாக வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்ததும், "கையெழுத்து எங்க போடணுங்க?" என்று மட்டும் கேட்டாள். கையெழுத்து வேண்டாம் என்றேன். அவள் நம்பாமல் பேனாவைத் தேடினாள்.

நானா படியில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன சட்டி?"

"இட்லிச் சட்டிங்க. முகாம்லருந்து கொண்டாந்தது."

எழுந்து போய்த் தட்டினார். காதைச் சாய்த்தார். "நல்ல கனம் ஈக்கு. எத்தின இட்லி வேகும்?" 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கு' என்றுதான் வரும்.

"ஒரு தடவைக்கு இருவதுங்க."

"ஒரு கிழமைக்கு இரவல் தாறீங்களா? வீட்டுல பேரப்புள்ளைகள் வந்தீக்கி."

கடல் தாண்டி இரண்டு பையோடு வந்தவளிடம், கடை கொள்ளாமல் பாத்திரம் அடுக்கி வைத்திருக்கிற மனிதர் கேட்கிற கேள்வியா இது? நான் அவருடைய செருப்பை மிதித்தேன். அவர் செருப்பை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மல்லிகா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். "துணி போட்டு ஊத்தணும், தெரியுமாங்க?" என்று தொடங்கி, கால் மணி நேரம் அவருக்கு இட்லி ஊற்றக் கற்றுக்கொடுத்தாள். உளுந்து எவ்வளவு, எத்தனை மணிக்கு அரைப்பது, துணியை எப்படிப் பிழிவது எல்லாம் சொன்னாள். பதினான்கு சாமான் கொடுத்த என்னிடம் அவள் பேசியது ஒரே ஒரு வசனம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவரோடு சண்டை போட்டேன். "நாம கொடுக்கப் போனோமா, பறிக்கப் போனோமா?" என்றேன். இட்லிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்தபடி வந்தார். "இருவது இட்லி, டீச்சர்," என்றார். அது மட்டும்தான் பதில்.

சொன்னபடி ஒரு வாரத்தில் சட்டி திரும்பிப் போனது. உள்ளே ஒரு கைப்பிடி பேரீச்சம்பழம் இருந்தது. லயத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு வெங்காயமாவது, ஒரு கரண்டி சீனியாவது உள்ளே போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த வழக்கம் அவருக்கு அத்துப்படி. கொடுத்துவிட்டுச் சும்மா வராமல், அடுத்த காம்பராவில் இருந்த பார்வதியைக் கூப்பிட்டு, "இந்தச் சட்டியப் பாத்தீங்களா, ஒரே தரத்துல இருவது," என்று காட்டினார். அடுத்த மாதம் பார்வதி அதைக் கேட்டு வாங்கினாளாம். அதற்கடுத்த மாதம் இன்னொரு வீடு. பிறகு மல்லிகாவின் சுத்தியல், குடை என்று மற்றச் சாமானும் இரவல் போகத் தொடங்கியது.

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு வயதானவர் இருந்தார். முகாமில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர். இங்கே வந்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். நாங்கள் போர்வை கொடுத்தோம், மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம், பேச்சுக் கொடுத்தோம், ஒன்றுக்கும் அசையவில்லை. நானா இரண்டு மாதம் முடி வெட்டாமல் போய் அவர் முன்னால் தலையை நீட்டினார். வெட்டி முடித்தபோது தலை எலி கடித்த மாதிரி இருந்தது. அந்தத் தலையோடு பஜார் முழுக்க நடந்தார். "நல்லா வெட்டீக்கார்," என்று கண்டவரிடமெல்லாம் தடவிக் காட்டினார். பிறகு அந்த மனிதரிடம் தோட்டத்துப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கை பழையபடி பழகிவிட்டதோ என்னவோ, அவர்கள் தலை நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு வீட்டில் குடை கேட்டார். அந்த அம்மா, "எங்களுக்கே ஒண்ணுதான் இருக்கு, தர முடியாது," என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆள் கொஞ்சம் அடங்குவார் என்று நினைத்தேன். அவரோ மழையில் நனைந்துகொண்டு என்னைவிடச் சந்தோஷமாக வந்தார். "ஏலா என்டுட்டா டீச்சர். வந்து மூணு கிழமதான். வீட்டுக்காரி மாதிரியே ஏலா என்டுட்டா," என்றார். அந்த வீட்டைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை, சட்டி நல்ல சட்டி என்றார். இன்னொரு தடவை, மனைவி கேட்டுவரச் சொன்னாள் என்றார். மூன்றாவது தடவை, கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார்.

"நான் வெலிமடையிலருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்தவன். எங்கட ஆக்கள்ல கலியாணம் முடிச்சா பொம்புள வீட்டுலதான் இருக்கணும், தெரியும்தானே. ஒரு வருஷம் எனக்கு எல்லாம் குடுத்தாங்க டீச்சர். நல்ல சோறு, நல்ல உடுப்பு, நல்ல மரியாத. ஒரு ஆணி வேணும் என்டு ஒருத்தரும் என்கிட்ட கேக்கல்ல. ஒரு நாள் மழ. மாமி வந்து, 'தம்பி, ஒங்கட குடைய ஒருக்கா தாங்கோ' என்டா. அண்டைக்குத்தான் அந்த வீட்டுல நான் வயிறு நெறயத் திண்டேன்."

இது உண்மையா, என் வாயை அடைக்கச் சொன்ன கதையா என்று இன்றுவரை தெரியாது. நானா இப்போது இல்லை. போன வருஷம் நோன்புக்கு முன்னால் காலமாகிவிட்டார். அவர் மனைவியிடம் கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை.

மல்லிகா வந்து ஏழாவது மாதம் அவளுடைய சித்தப்பா செத்துப்போனார். அதோடு பிரச்சினை தொடங்கியது. காம்பரா அவர் பெயரில் இருந்தது. பார்வதியின் மூத்த மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகி, புதுப் பெண்ணோடு இஸ்தோப்பில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். பக்கத்துக் காம்பராவை அவனுக்குத் தரச் சொல்லிப் பார்வதி தோட்ட ஆபீசில் கேட்டாள். பார்வதியைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். அவளுடைய நிலைமையில் நானும் கேட்டிருப்பேன். ஆபீசில், லயத்து ஆட்கள் என்ன சொல்கிறார்களோ அதை வைத்து முடிவு செய்யலாம், பெரிய கிளாக்கர் புதன்கிழமை வந்து விசாரிப்பார் என்று சொல்லிவிட்டார்கள். இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று லயம் சொன்னால், மல்லிகாவும் தேன்மொழியும் வெளியே. போக வேறு இடம் கிடையாது.

அந்த நேரம் பார்த்து நானாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். நான் தனியாக யோசித்தேன். கணித ஆசிரியை எப்படி யோசிப்பாளோ அப்படி யோசித்தேன். அவர்களை வெளியேற்றிவிட்டால், அவர்களுடைய சாமானாவது அவர்கள் கையில் இருக்க வேண்டுமே. சனிக்கிழமை போனேன். இட்லிச் சட்டி பார்வதியிடம். தேங்காய் துருவியும் சுத்தியலும் மூன்றாவது காம்பராவில். குடை கடைசிக் காம்பராவில். வீடு வீடாகக் கேட்டு, நாலையும் வாங்கி, துடைத்து, மல்லிகாவின் இஸ்தோப்பில் வரிசையாக வைத்துப் பட்டியலில் சரி போட்டேன். பார்வதி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நீட்டினாள். மல்லிகா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனதில் பெரிய திருப்தி.

ஞாயிறு காலை நானாவைப் பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்தார். நடந்ததைப் பெருமையோடு சொன்னேன்.

"எல்லாத்தையுமா? ஒரே நாள்லயா?"

"ஆமா நானா. ஒன்னுகூட மிச்சமில்ல."

"உள்ளுக்கு என்ன போட்டுக் குடுத்தாங்க?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. வெறும் சட்டி. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும், அவசரத்தில் நினைவே வரவில்லை. போட்டுக் கொடுக்க அவர்களுக்கு நான் நேரமும் கொடுக்கவில்லை. பறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"ஒண்ணையாச்சும் விட்டுட்டு வந்தீக்கலாமே டீச்சர்," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால் அவரால் வர முடியாது. நான் போகிறேன், மல்லிகாவிடம் ஏதாவது இரவல் கேட்கிறேன், என்ன கேட்கட்டும், சொல்லுங்கள் என்றேன். ஒற்றைக் கண்ணால் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"வேணாத ஒண்ணக் கேட்டா அவங்களுக்கு வெளங்கிடும். நான் கேட்டதெல்லாம் எனக்கு வேணும் என்டுதான் கேட்டேன். அந்தச் சட்டில இட்லி எப்பிடி வேகுது என்டு பாக்காம எனக்கு நித்திர வந்தீக்காது."

இத்தனை காலம் அதை ஒரு தந்திரம் என்று நினைத்திருந்தேன். தந்திரம் இல்லை. அந்த மனிதருக்கு உண்மையாகவே அடுத்தவர் வீட்டுச் சாமான் மேல் ஆசை. அதை மறைக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

நான் போனபோது மல்லிகா மூட்டை கட்டி முடித்திருந்தாள். நாங்கள் கொடுத்த பதினான்கு சாமானும் ஒரு பக்கம் தனியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, எனக்குத் திருப்பிக் கொடுக்க. தேன்மொழி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பாடசாலையில் அப்போதுதான் ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள்.

"எங்க போறீங்க?"

"வவுனியாவுல தெரிஞ்சவங்க இருக்காங்க டீச்சர். அங்கருந்து முகாமுக்கே திரும்பிப் போக வழி பாக்கணும்."

"கிளாக்கர் இன்னும் வரவே இல்லையே."

"முகாம்ல ஒருத்தங்க கெளம்புறாங்கன்னு முடிவானாத்தான், வாங்கின சாமானையெல்லாம் எல்லாரும் ஒரே நாள்ல கொண்டாந்து குடுப்பாங்க. நேத்தே எனக்குப் புரிஞ்சிருச்சு. நீங்க நேரா சொல்ல சங்கடப்பட்டிருப்பீங்க."

நான் செய்த பிழை, லயத்து ஆட்கள் கொடுக்கவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். மாணவர்களிடம்கூடப் பிழையை ஒப்புக்கொள்ளாதவள் நான். அழுகை வந்துவிட்டது. மல்லிகா அமைதியாகக் கேட்டாள். "நீங்க நல்லதுதான் நெனச்சீங்க டீச்சர்," என்றாள். ஆனால் மூட்டை அவிழவில்லை. அவள் என் வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? பக்கத்துக் காம்பராக்களின் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. சனிக்கிழமையிலிருந்து அவர்களும் கோபத்தில் இருந்தார்கள், நம்பிக்கை இல்லாமல் சாமானைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று.

மழை பிடித்துக்கொண்டது. நான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது கேட்டது. எழுந்து ஓடினேன். படி இறங்குவதற்குள் அது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையில் அதுதான் கடைசி பஸ்.

சேலை நனைந்து இஸ்தோப்பில் வந்து நின்றேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. கடையில்கூட மிச்சக் காசை அவர்களே தரட்டும் என்று நிற்பவள். குளிரில் பல் கிட்டியது.

"மல்லிகா, இன்னிக்கி நான் இங்க தங்கிக்கட்டுமா? எனக்குப் போக வழியில்ல."

மல்லிகா என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்து, "எந்திரிடி," என்றாள். தேன்மொழி எழுந்ததும் அந்த மூட்டையை அவிழ்த்தாள். உலர்ந்த சேலை ஒன்றை எடுத்து என் கையில் தந்தாள். அடுப்பை மூட்டினாள். போர்வைகளைப் பிரித்தாள். மெத்தையில் இரண்டு பேர்தான் படுக்கலாம். கொஞ்ச நேரம் நடுவில் நின்று யோசித்தாள். அப்புறம் வெளியே போனாள்.

லயத்துச் சுவர் மெல்லிசு. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. வந்த ஏழு மாதத்தில் அவள் யார் கதவையும் தட்டியதில்லை. எல்லோரும்தான் இவளிடம் வந்து கேட்டார்கள்.

"அக்கா, எங்க வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க. ஒரு பாய் குடுங்க."

நான் சுவரில் காதை வைத்தேன்.

"பாய் மட்டும் போதுமா," என்றாள் பார்வதி. "தலகாணி இருக்கா?"

திங்கட்கிழமை மல்லிகாவின் சேலையோடு முதல் பஸ்ஸில் ஏறி நேரே பாடசாலைக்குப் போனேன். பின்னேரம் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பன் புல்லில் முடைந்த பாயா பிளாஸ்டிக் பாயா என்று கேட்டார். பன் பாய் என்றேன். திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். இல்லை, அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்றேன். நல்லது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை பெரிய கிளாக்கர் வந்து லயத்து ஆட்களைக் கூட்டினார். மல்லிகா சாயங்காலம் போனில் சொன்னாள். இந்தியாவிலிருந்து வந்த இவர்கள் இங்கே இருக்கலாமா, வேண்டாமா என்று அவர் கேட்டிருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. காம்பரா கேட்டவளே நீதானே, நீ சொல்லு என்று பார்வதியிடம் திரும்பியிருக்கிறார்.

பார்வதி, "எம் மகனுக்கு வேற எடம் பாருங்க ஐயா," என்றாளாம். "எங்க வீட்டுப் பாயும் தலகாணியும் இவ வீட்டுல கெடக்கு. இவள அனுப்பிட்டீங்கன்னா நான் யாருகிட்ட போயி கேப்பேன்?"

அதை நானாவிடம் அப்படியே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கட்டுப் போடாத கண்ணை மட்டும் சாரத்து நுனியால் ஒற்றிக்கொண்டார்.

"அழவெக்காதீங்கோ டீச்சர்," என்றார். "கண்ணுல தண்ணி படக்கூடாது என்டு டொக்டர் சொல்லீக்கி."